வக்கீல் நோட்டீசில் எந்தப் பிழை மன்னிக்கப்படும்?

ஒரு கோடி ரூபாய்க் காசோலை ஒன்று வங்கியிலிருந்து திரும்பி வந்தது. பணத்தைக் கேட்டு அனுப்பிய நோட்டீசில் இரண்டு கோடி என்று இருந்தது. தட்டச்சில் நேர்ந்த பிழைதான் என்று அனுப்பிய தரப்பு உச்ச நீதிமன்றம்வரை வாதாடிப் பார்த்தது. 2025 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. காசோலையில் உள்ள தொகையைக் கேட்டால்தான் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி அது நோட்டீஸ். தொகை மாறினால் நோட்டீஸ் செல்லாது. நோட்டீஸ் செல்லாதபோது அதன்மேல் போட்ட குற்ற வழக்கும் நிற்காது.

இதற்கு நேர்மாறாக முடிந்த வழக்கு ஒன்று லண்டனில் உண்டு. ஜெர்மின் தெருவில் ஒரு கட்டடத்தின் குத்தகை 1992 ஜனவரி 13 அன்று தொடங்கியது. மூன்றாம் ஆண்டு நிறைவு நாளில் வேண்டுமானால் முறித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. குத்தகைதாரர் அனுப்பிய கடிதமோ 1995 ஜனவரி 12-ஆம் தேதியோடு முறிப்பதாகச் சொன்னது. ஒரே ஒரு நாள் பிசகு. 1997-இல், அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகளில் மூவர், அந்தக் கடிதம் செல்லும் என்றார்கள். ஒப்பந்தம் தெரிந்த யார் படித்தாலும் 13-ஆம் தேதியைத்தான் சொல்ல வருகிறார் என்று புரிந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். செல்லும் என்ற மூவரில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார். நீலத் தாளில் நோட்டீஸ் தர வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டிருந்தால், இளஞ்சிவப்புத் தாளில் எவ்வளவு தெளிவாக எழுதித் தந்தாலும் பயனில்லை என்றார்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆங்கிலத்தில் சட்டக் கடிதம் எழுதும்போது எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும். நம்மில் பெரும்பாலோர் பயப்படுவது இலக்கணத்துக்கு. 'தி' விட்டுப் போயிற்றா, 'ஹாஸ்' போடுவதா 'ஹாவ்' போடுவதா என்று நாலு பேரிடம் காட்டித் திருத்துகிறோம். நீதிமன்றம் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அரசுக்கு எதிராக வழக்குப் போடும் முன் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. நோட்டீசில் உள்ள குறைக்காக மட்டும் வழக்கைத் தள்ளக் கூடாது என்று அந்தப் பிரிவிலேயே 1976-இல் ஒரு விதி சேர்த்தார்கள். யார், எங்கே இருப்பவர், எதனால் வழக்கு, என்ன பரிகாரம் என்பது விளங்கினால் போதும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், யார், எவ்வளவு, எப்போது, என்ன என்பதில்தான் சட்டம் கண்ணை வைத்திருக்கிறது. சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் கணினித் திருத்தி இந்த நாலில் ஒன்றையும் கண்டுபிடிக்காது.

தொகையிலிருந்தே தொடங்குவோம். காசோலைத் தொகையோடு வட்டி, வக்கீல் கட்டணம், நோட்டீஸ் செலவு ஆகியவற்றையும் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக, 'ஆக மொத்தம் இவ்வளவு தருக' என்று எழுதினால் காசோலைத் தொகை எது என்பது மறைந்துவிடும். எழுத்தில் ஒன்றும் எண்ணில் ஒன்றுமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, காசோலையைப் பொறுத்தவரை செலாவணி முறிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் விடை இருக்கிறது: எழுத்தில் உள்ளதே தொகை. கடிதத்துக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஆகவே இரண்டையும் எழுதி, இரண்டையும் இரண்டு பேர் படித்துப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டுக்குப் போகும் கடிதம் என்றால் லட்சம், கோடி இரண்டும் வேண்டாம். கமா போடும் இடமும் நமக்கும் அவர்களுக்கும் வேறு.

கேட்கும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு மரியாதை என்பது வற்புறுத்தாமல் இருப்பது. 'தாங்கள் இதைத் தந்துதவலாம்' என்று தமிழில் எழுதுவதைப் போலவே ஆங்கிலத்தில் 'யூ மே கைண்ட்லி பே' என்று எழுதிவிடுகிறோம். அந்த 'மே', தந்தால் தரலாம், தராவிட்டாலும் குற்றமில்லை என்று பொருள்படும். 138-ஆம் பிரிவு எதிர்பார்ப்பது வேண்டுகோளை அல்ல, பணத்தைத் தரும்படியான கோரிக்கையை. 'ஐ கால் அப்பான் யூ டு பே' என்று நேராகக் கேட்பது முரட்டுத்தனம் ஆகிவிடாது. இந்த மாதிரிக் கடிதத்தில் அதுதான் முறை.

அடுத்தது நாள் கணக்கு. இங்கே ஆங்கிலம் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். '30 நாள்' வேறு, 'ஒரு மாதம்' வேறு. காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி மாதம் என்றால் ஆங்கில நாள்காட்டி மாதம். ஜனவரி 31-இல் தொடங்கும் ஒரு மாதம் லீப் அல்லாத ஆண்டில் பிப்ரவரி 28-இல் முடிந்துவிடும். 30 நாள் என்றால் மார்ச் 2 வரை போகும். 'ஃப்ரம்' என்று ஒரு நாளைக் குறித்து எண்ணத் தொடங்கினால் அந்த முதல் நாள் கணக்கில் வராது என்று அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது.

எதிலிருந்து எண்ணுவது என்பதையும் எழுதியே ஆக வேண்டும். 'வித்தின் ஃபிஃப்டீன் டேஸ்' என்று மட்டும் நிறுத்தினால் கடிதத் தேதியிலிருந்தா, தபால் கையில் கிடைத்த நாளிலிருந்தா என்று சண்டை வரும். காசோலை நோட்டீசில் சட்டமே கிடைத்த நாளிலிருந்து 15 நாள் தருகிறது; நீங்கள் வேறு விதமாக எழுதினாலும் அந்த உரிமை குறையாது. கடிதத் தேதியிலிருந்து எண்ணி அவசரமாகப் புகார் தாக்கல் செய்தால், 15 நாள் முடியும் முன் போட்ட புகார் நிற்காது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விதி குறுக்கே வரும். 'இம்மீடியட்லி', 'அட் தி ஏர்லியஸ்ட்' போன்றவற்றை நான் கடிதத்திலிருந்து எடுத்தே விடுவேன். காலக்கெடு என்றால் தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதியிலும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4.

இனி, தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வரும் பிழைகள். இவற்றில் ஒன்று அபாயகரமானது. 'நீங்கள் பணம் தராத வரை சாவியைத் தர மாட்டேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே கொண்டுபோய் 'அன்டில் யூ டோன்ட் பே' என்று எழுதுவோர் ஏராளம். ஆங்கிலத்தில் 'அன்டில்', 'அன்லெஸ்' இரண்டுக்குள்ளும் மறுப்பு ஏற்கனவே இருக்கிறது. அதற்குமேல் 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகும். 'அன்லெஸ் யூ டோன்ட் பே, வீ வில் ஃபைல் எ சூட்' என்ற வாக்கியத்தை உள்ளபடி படித்தால், பணம் கொடுத்தால் வழக்குப் போடுவோம் என்று அர்த்தம். படிப்பவர் உங்கள் கருத்தை ஊகித்துக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஊகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

காலம் காட்டும் வினையில் இன்னொரு பொறி. நிலத் தகராறில் 'நான் 1998 முதல் சுவாதீனத்தில் அனுபவித்து வருகிறேன்' என்பதை மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். 'ஐ ஆம் இன் பொசஷன் சின்ஸ் 1998' என்றால் பள்ளி ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போடுவார். வழக்குக்கு ஒரு பாதகமும் இல்லை. 'ஐ வாஸ் இன் பொசஷன் ஃப்ரம் 1998' என்றால் ஆசிரியர் முழு மதிப்பெண் தருவார். வழக்கோ ஆட்டம் காணும். அந்த 'வாஸ்' இப்போது சுவாதீனம் இல்லை என்பதுபோல் ஒலிக்கிறது. வழக்குப் போடும் நாளில் நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதுமா, சுவாதீனத்தை மீட்கவும் கேட்க வேண்டுமா என்பது தீர்மானமாகும். 2008-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே விளக்கியிருக்கிறது. 'ஐ ஹாவ் பீன் இன் பொசஷன் சின்ஸ் 1998' என்பதே மூன்றிலும் பாதுகாப்பானது. இலக்கணம் சரியாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

'உங்கள் கடிதத்தைப் பெற்றுக்கொண்டோம்' என்பதற்கு 'வீ அக்செப்ட் யுவர் லெட்டர்' என்று எழுதுவதும் இந்த வகைதான். 'ரிசீவ்டு' என்றால் கைக்கு வந்தது. 'அக்செப்டட்' என்றால் அதில் உள்ளதற்குச் சம்மதம். ஒரு விலைக்குறிப்புக்கோ ஒப்பந்த வரைவுக்கோ இப்படிப் பதில் போனால், ஒப்பந்தமே ஏற்பட்டுவிட்டதாக வாதாட இடம் கொடுத்ததாகும். எழுவாய் இல்லாமல் பேசும் பழக்கமும் நம்மிடம் உண்டு. 'அன்றைக்கே ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று சொல்லிவிடலாம், யார் என்பது பேச்சில் தெரிந்துவிடும். 'இட் வாஸ் அக்ரீட்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் யார் ஒப்புக்கொண்டார், யார் முன்னிலையில், வாய்மொழியாகவா எழுத்திலா என்ற எல்லாமே காணாமல் போய்விடும். ஆளின் பெயரைப் போட்டு வாக்கியத்தைத் தொடங்குங்கள். நீளமும் தானாகக் குறையும்.

இதுவரை சொன்னவற்றையெல்லாம்விடப் பெரிய பணச்சேதம் செய்வது வேறொன்று. அது மொழிப் பிழையாகவே தெரியாது, நல்ல பண்பாகத் தெரியும். பழைய கடன் ஒன்றைக் கேட்டு நோட்டீஸ் வருகிறது. வாங்கியவர் நல்ல மனிதர். பதில் எழுதுகிறார்: 'பாக்கியைத் தராமல் தாமதித்ததற்கு வருந்துகிறேன், வியாபாரம் சரியில்லை, இப்போதைக்கு இயலாது.' இதில் தருகிறேன் என்று ஒரு வார்த்தைகூட இல்லை, மறுப்புதான் இருக்கிறது. ஆனாலும் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி இது கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகலாம். கைமாற்றாக வாங்கிய கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு. அந்தக் கெடு முடியும் முன் கையொப்பமிட்டு இப்படி ஒரு கடிதம் கொடுத்தால், கையொப்பமிட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். தர மறுப்பதாக அதே கடிதத்தில் எழுதியிருந்தாலும் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான் என்று பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. கடன் கொடுத்தவருக்கு எழுதாமல் வேறு யாருக்கோ எழுதியிருந்தாலும் அப்படியே. கெடு முடிந்த பிறகு ஒப்புக்கொள்வதால் மட்டும் கடன் உயிர் பெறாது. ஆனால் 'தந்துவிடுகிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைப் புது ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ளும்.

கடனை ஒளிக்கச் சொல்லவில்லை. தர வேண்டியதைத் தந்துவிடுவதே சரி. கேட்கும் தொகை சரியா, வட்டி ஒப்புக்கொண்டதா, ஏற்கனவே கொடுத்தது கழிக்கப்பட்டதா என்று பார்க்காமல், மரியாதைக்காக ஒரு வருத்தத்தைத் தெரிவித்துவிட்டு, கேட்டது முழுவதையும் ஒப்புக்கொண்ட நிலைக்குப் போக வேண்டாம் என்பதே விஷயம். 'வீ ரிக்ரெட் தி டிலே' என்று எழுதினால் தாமதம் நடந்ததையும் அது உங்கள் பக்கம் என்பதையும் ஒப்புக்கொண்டதாகிறது. வருத்தம் தெரிவிப்பதாக இருந்தால் நேரில் தெரிவிப்பது நல்லது.

சமரசம் பேச விரும்பினால் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. 'விதவுட் பிரிஜுடிஸ்' என்று தலைப்பில் போட்டு எழுதும் கடிதம். இந்தத் தொகைக்கு முடித்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டதை, பேச்சு முறிந்தபின் அவருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் காட்டக் கூடாது என்பது அதன் ஏற்பாடு. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 21-ஆம் பிரிவாக இருக்கிறது. நம்மூர் அலுவலகங்களில் இதை எல்லாக் கடிதத்திலும் பிள்ளையார் சுழி மாதிரிப் போட்டுவிடுகிறார்கள். பணம் கேட்கும் நோட்டீசிலும் போடுகிறார்கள், குத்தகையை முடிக்கும் நோட்டீசிலும் போடுகிறார்கள். பின்னால் நீதிமன்றத்தில் நீங்களே காட்ட வேண்டிய கடிதத்தில், காட்டக் கூடாது என்ற முத்திரையை எதற்குக் குத்த வேண்டும்? இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. உள்ளே சமரசம் எதுவும் இல்லாமல், வெறுமனே கடனை ஒப்புக்கொள்ளும் கடிதத்தின் தலையில் இந்தச் சொற்களை எழுதிவிட்டால் அது காப்பாற்றிவிடும் என்று நம்பக் கூடாது. சமரசப் பேச்சை ஒரு கடிதத்திலும் உரிமைக் கோரிக்கையை இன்னொரு கடிதத்திலும் பிரித்து எழுதுவதுதான் நல்ல வக்கீல்கள் செய்வது.

தமிழ்நாட்டில் சொத்து விவகாரம் எழுதுவோருக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை இருக்கிறது. ஆங்கிலச் சொல் என்று நினைத்து நாம் புழங்கும் சில சொற்கள் இங்கே வேறு பொருளைப் பிடித்துக்கொண்டுவிட்டன. 'வீட்டை லீசுக்கு விட்டிருக்கிறேன்' என்றால் சென்னையிலும் பல ஊர்களிலும், வாடகை வாங்காமல் ஒரு பெருந்தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது அதைத் திருப்பித் தருவது. பழைய பெயர் ஒத்தி, போக்கியம். சட்டத்தின் ஆங்கிலத்தில் 'லீஸ்' என்றால் வாடகைக்கோ குத்தகைக்கோ விடுவது. போக்கியம் என்பது அடமானத்தில் ஒரு வகை. சொத்து மாற்றுச் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள், தனித்தனி உரிமைகள். குத்தகைதாரரை நோட்டீஸ் கொடுத்து வெளியேறச் சொல்லலாம். போக்கியக்காரரிடமிருந்து தொகையைக் கொடுத்து மீட்க வேண்டும். 'ஐ ஹாவ் லீஸ்டு அவுட் மை ஹவுஸ்' என்று மட்டும் எழுதினால் திருப்பித் தர வேண்டிய ஏழெட்டு லட்சம் கடிதத்தில் எங்குமே இருக்காது. ஆகவே சொல்லை நம்பாமல் நடந்ததை எழுதுங்கள்: எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினீர்கள், மாத வாடகை உண்டா இல்லையா, எப்போது திருப்பித் தருவதாகப் பேச்சு.

'அட்வான்ஸ்' இன்னும் மோசம். வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் திரும்பிவரும் வைப்புத்தொகையும் அட்வான்ஸ், முன்கூட்டிக் கொடுக்கும் வாடகையும் அட்வான்ஸ், கிரய உடன்படிக்கையில் கொடுக்கும் முன்பணமும் அட்வான்ஸ். கடைசியாகச் சொன்னதில் கை வைத்தால் லட்சங்கள் போகும். வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவான பதில் சொன்னது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு உத்தரவாதமாகக் கொடுத்த 'எர்னஸ்ட் மணி' என்றால் பிடிக்கலாம், விலையில் ஒரு பகுதியாகக் கொடுத்தது என்றால் பிடிக்க முடியாது. உடன்படிக்கையில் என்ன பெயரில், எந்த நோக்கத்துக்கு என்று எழுதியிருக்கிறதோ, அதையே கடிதத்திலும் எழுதுங்கள். வசதிக்காகப் பெயரை மாற்ற வேண்டாம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் 'செட்டில்மெண்ட்' என்றால் குடும்பத்தாருக்குத் தானமாக எழுதிவைப்பது. அதே சொல்லை டெல்லியிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வக்கீல் படித்தால் வழக்கை ராசியாக முடித்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

இத்தனைக்கும் நடுவே நடை பற்றிய கவலை சிறியதுதான், இருந்தாலும் ஒரு வார்த்தை. 'தி செட் பிராப்பர்ட்டி', 'தி சேம்', 'ஹியர்இன்பிஃபோர்' என்றெல்லாம் எழுதினால்தான் சட்டக் கடிதம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்', 'கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' போன்ற இரட்டைச் சொற்களுக்கு வரலாறு உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வழக்காடுவது பிரெஞ்சில், ஆவணம் எழுதுவது லத்தீனில், மக்கள் பேசுவது ஆங்கிலத்தில் என்று மாறியது. வழக்கை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் வந்தது. ஆவணங்களும் ஆங்கிலத்துக்கு மாற 1731-ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது. இரண்டு மொழிக்காரருக்கும் புரியட்டும் என்று இரண்டு சொல்லையும் போட்டு வைத்த காலத்தின் மிச்சங்கள் பல அந்த இரட்டைகளில் இருக்கின்றன. நமக்கு அந்தத் தேவை இல்லை. 'தி சேம்' என்பது இன்னும் ஆபத்து. ஒரு பத்தியில் காசோலை, ஒப்பந்தம், ரசீது மூன்றையும் சொல்லிவிட்டு 'தி சேம் வாஸ் ரிட்டர்ன்டு' என்றால் திரும்பி வந்தது எது? காசோலை என்றால் காசோலை என்றே இன்னொரு முறை எழுதினால் குறைந்து போகாது. 'ரிவர்ட்' என்பதும் நம் அலுவலகங்களில் 'பதில் எழுதுக' என்ற பொருளில் ஓடுகிறது. சொத்துச் சட்டத்திலோ அது சொத்து பழைய உரிமையாளருக்கே திரும்புவதைக் குறிக்கும். வீட்டைப் பற்றிய கடிதத்தில் 'ரிப்ளை' என்று எழுதிவிடுங்கள்.

நீண்டு சுற்றும் ஆங்கிலத்தை நீதிபதிகளே பொறுப்பதில்லை. 2021-இல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி எம்.ஆர். ஷா, படித்து முடித்தபோது டைகர் பாம் தடவிக்கொள்ள வேண்டியிருந்தது என்று திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு, 2022 ஆகஸ்டில், தீர்ப்புகள் தெளிவாக இருக்க வேண்டும், பத்திகளுக்கு எண் இட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எழுத்திலேயே சொன்னது. தீர்ப்புக்கே அப்படி என்றால் நம் கடிதத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்திக்கு எண் இடும் வழக்கம் நோட்டீசில் முன்பிருந்தே உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். பதில் எழுதும்போது எந்தப் பத்திக்குப் பதில் என்று காட்ட அதுவே உதவும். 'எல்லாவற்றையும் மறுக்கிறோம்' என்று மொத்தமாக எழுதினால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறோம். வழக்கு வந்தபின் எதிருரையில் ஒவ்வொன்றையும் குறிப்பிட்டு மறுக்க வேண்டும், மறுக்காதது ஒப்புக்கொண்டதாகலாம். அந்தப் பழக்கத்தைப் பதில் நோட்டீசிலேயே தொடங்கிவிடலாம்.

சின்னச் சின்ன விஷயங்களும் சில உண்டு. 'டியர் சர்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்பது ஆங்கிலேயர் மரபு. மாறிப் போனாலும் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அசலைக் குறிக்கும் 'பிரின்சிபல்' கடைசியில் பி-ஏ-எல், கொள்கையைக் குறிப்பது பி-எல்-இ. கடன் கடிதத்தில் மாறினால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து தவறினால் சிரிப்போடு முடியாது. பிரிட்டனில் 2009-இல் நிறுவனப் பதிவாளர் அலுவலகம் 'டெய்லர் அண்ட் சன்' என்ற நிறுவனம் கலைக்கப்படுவதைப் பதிவதற்குப் பதிலாக, 'டெய்லர் அண்ட் சன்ஸ்' என்ற, 1795-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. ஓர் 'எஸ்' கூடியதுதான். கடன் கொடுத்தவர்களும் சரக்கு கொடுத்தவர்களும் விலகிப்போய் அந்த நிறுவனமே விழுந்தது. 2015-இல் லண்டன் உயர் நீதிமன்றம் பதிவாளர் அலுவலகம்தான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு நிறுவனத்தின் பெயரைப் பேச்சுவழக்கில் உள்ளபடி எழுதாமல், பதிவில் உள்ளபடி பார்த்து எழுதுங்கள்.

பழைய நோட்டீசை எடுத்துப் பெயர் மாற்றி அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது, தவறும் இல்லை. ஆனால் போன வழக்கின் தொகையும், 'அவன்' 'அவள்' குழப்பமும், 'மை கிளையன்ட்' வர வேண்டிய இடத்தில் 'யுவர் கிளையன்ட்' என்பதும் அப்படித்தான் உள்ளே தங்கிவிடுகின்றன. அனுப்பும் முன், பெயர், எண், தேதி ஆகியவற்றை மட்டும் தனியாக ஒரு முறை படியுங்கள். அடுத்து வசைச்சொல். 'சீட்', 'ஃபிராட்' என்ற சொற்களை ஆத்திரத்தில் போட்டு, நகலை எதிராளியின் மேலதிகாரிக்கும் உறவினருக்கும் அனுப்பினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி செய்து தருகிறீர்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 499, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356. நடந்ததைத் தேதியோடு எழுதினால் மோசடியா இல்லையா என்பது படிப்பவருக்கே தெரிந்துவிடும்.

இவ்வளவையும் பார்த்து ஆங்கிலமே வேண்டாம் என்று தோன்றினால், அதற்கும் வழி இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. 138-ஆம் பிரிவு எழுத்தில் ஒரு நோட்டீசைக் கேட்கிறது. மாத வாடகையை முடிக்கும் நோட்டீசை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு எழுத்திலும் கையொப்பத்துடனும் கேட்கிறது. மொழியைப் பற்றி இரண்டும் பேசவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவின் ஏற்பாடு. கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு, 1956-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம் இடம் தந்திருக்கிறது. எதிராளியும் தமிழர், சொத்தும் இங்கே, வழக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் என்றால் தமிழிலேயே அனுப்பலாம். படித்துப் புரியவில்லை என்று எதிராளி பிறகு சொல்லவும் முடியாது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் போனால் ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டியிருக்கும். அப்போது மொழிபெயர்ப்பவரிடம் நோட்டீசை மட்டும் கொடுக்காமல் கிரய உடன்படிக்கை, ரசீது, காசோலை ஆகியவற்றின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். போக்கியமா வாடகையா, முன்பணமா வைப்புத்தொகையா என்பதை அவர் அவற்றைப் பார்த்துத்தான் எழுத முடியும்.